பூசணிக்காயைச் சுற்றி ஒரு கயிறு

காலை ஐந்து மணி பத்து நிமிடம். பால்கனிக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் முதலில் கண்ணில் பட்டது, வேட்டி கட்டிய ஒருவர் இரண்டு கையிலும் ஏந்தியிருந்த வெண்பூசணிக்காய். அதன் உச்சியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கோடையில் கொல்கத்தாவில் அந்நேரத்துக்கே நன்றாக விடிந்துவிடும் என்பதால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. டாக்குரியாவில் எங்கள் சந்து பெரிய தெருவோடு சேரும் முனையில் அவர் நின்றார். காயைச் சுற்றினார். ஓங்கித் தரையில் போட்டார். உள்ளே கரைத்து ஊற்றியிருந்த குங்குமம் நாலா பக்கமும் தெறித்தது.

எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எதிர்ச்சாரியில் புதிதாக டிபன் கடை வைத்திருப்பவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். லேக் மார்க்கெட் அருகே உறவினர் கடையில் பல வருடங்கள் தோசை ஊற்றிவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு ஷட்டர் பிடித்திருந்தார். முந்தைய நாள் மாலை மாடியேறி வந்து அழைத்திருந்தார்.

"நாளைக்குக் கடைத் திறப்பு அக்கா. ஒம்பது மணிக்கு மொத தோச ஒங்களுக்குத்தான். வராம இருந்திராதிய."

இரவெல்லாம் அவர் கடையில் கிரைண்டர் ஓடியது. சந்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. நான் அந்த வேளையில் பால்கனியில் நின்றதற்கும் அதுதான் காரணம். முப்பது வருடமாக ஓர் ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியராக இருப்பவள் ஐந்து மணிக்கு எழுந்து நிற்பது இயல்பான காரியமல்ல.

உடைத்த காயை அவர் அள்ளவில்லை. காலையில் துப்புரவுக்காரர் விசில் ஊதிக்கொண்டு தள்ளுவண்டியோடு வருவார், மற்றக் குப்பையோடு பெருக்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தார். அவருடைய ஊரில் அப்படித்தான் நடக்குமாம். துப்புரவுக்காரர் வந்தார். விசில் ஊதினார். சிவப்பைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். பிறகு சந்து முழுவதையும் சுத்தமாகப் பெருக்கி, அந்தச் சிவப்பைச் சுற்றி மட்டும் அழகாக ஒரு வட்டம் விட்டுவிட்டுப் போனார். அதுவரை அது தெருவில் கிடந்த உடைந்த காய். வட்டம் விழுந்ததும் தடயமாகிவிட்டது.

ஏரிக்கரைக்கு நடக்கப் போகும் ஒருவர் அதன் முன் நின்று கைப்பேசியை உயர்த்தினார். நான் உள்ளே போய்விட்டேன்.

குளித்துவிட்டு வருவதற்குள் கீழ்வீட்டுத் தொலைக்காட்சியில் 'டாக்குரியா' என்ற சொல் திரும்பத் திரும்பக் கேட்டது. கீழ்வீட்டில் இருப்பவரைச் சந்து முழுக்க மாஷிமா என்றுதான் கூப்பிடும். வங்காளத்தில் சித்தி, பெரியம்மா வயதுள்ள எல்லோரும் மாஷிமாதான். அவர் தொலைக்காட்சியை மூன்று மாடிக்கும் சேர்த்து வைப்பார். இறங்கிப் போய் வாசலில் நின்று பார்த்தேன். நடைக்காரர் எடுத்த படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புத் திட்டைச் சுற்றி இன்னொரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். 'ரத்தமா?' என்று கீழே கேட்டிருந்தது. பூசணி விதைகள் நாலைந்து கிடந்த இடத்துக்கு ஓர் அம்புக்குறி. அதன் அருகில், 'பற்களா?'

மாஷிமா எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முனைக்குப் போய்க் குடை நுனியால் ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏ தோ சால்கும்ரோ!" என்றார்.

வெண்பூசணிக்கு வங்காளிகள் சொல்லும் பெயர் சால்கும்ரோ. அவர் பிறந்த வீட்டில் பூஜை நாளில் அதற்குக் குங்குமம் வைத்து வெட்டுவார்களாம். அதனால் அவருக்கு எந்த மர்மமும் இருக்கவில்லை. கோபம் மட்டும் இருந்தது.

"எவ்வளவு நல்ல காய்! நாலு பேருக்குக் கூட்டு ஆகியிருக்கும். இதைப் போய் ரோட்டுல அடிச்சிருக்கானே, கடங்காரன்!" என்று வங்காள மொழியில் திட்டினார்.

கால் மணி நேரத்தில் சந்து முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பால்காரர், இஸ்திரி போடுபவர், மூன்றாம் மாடி வங்கி அதிகாரி, எல்லோரும் கேட்டார்கள், 'ஓ, காயா' என்றார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். எங்கள் சந்தில் இருந்த பீதி அவ்வளவுதான். அதைப் பீதி என்று சொன்னால் சந்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஆனால் அதற்குள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். முதலில் ஒரு கேமரா. அதைப் பார்த்து இன்னொன்று. மாஷிமா ஒவ்வொரு கேமராவிடமும் போய்க் காய் என்று சொன்னார். ஒரு கேமராக்காரர், "மாஷிமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் ரத்தத்து மேல விழுது" என்றார்.

கேமராக்கள் இருந்ததால் கூட்டம் வந்தது. கூட்டம் இருந்ததால் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். அவர் ஒரு நைலான் கயிறு கொண்டுவந்திருந்தார். ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டி, வேப்ப மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். மூன்றாவதாகக் கட்ட எதுவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புதுக் கடையின் ஷட்டர் கைப்பிடியில் இழுத்துக் கட்டினார். நல்ல முடிச்சு. மாலை போட்டிருந்த ஷட்டர் கயிற்றோடு மூடிக்கிடந்தது.

கடைக்காரர் பின்பக்கக் கதவு வழியே ஓடி வந்தார். அந்தக் கதவில் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். கான்ஸ்டபிளை வங்காள வழக்கப்படி தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டு அவர் பேசியது பாதி வங்காளம், பாதி ஹிந்தி.

"தாதா, இன்னிக்குத்தான் கடை திறக்கணும். கயித்த அவுத்துருங்க."

"பெரிய பாபு வந்து பார்க்கணும்" என்றார். காவல் நிலையத்து இன்ஸ்பெக்டரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"எப்ப வருவாரு?"

"கூட்டம் கலைஞ்சதும்."

"கூட்டம் எப்ப கலையும்?"

கான்ஸ்டபிள் யோசித்தார். "கயித்த அவுத்ததும்" என்றார். நேர்மையான மனிதர்.

"அது பூசணிக்காய் தாதா. நாந்தான் உடைச்சேன்."

"எனக்குத் தெரியும். மாஷிமா சொன்னாங்க. ஆனா பெரிய பாபு டி.வி.யையும் நம்ப மாட்டார், மாஷிமாவையும் நம்ப மாட்டார். பேப்பர்ல வந்தா நம்புவார்."

கடைக்காரர் நேராக என் வீட்டுக்கு வந்தார். அடுக்களைச் சூடு இல்லாமலேயே வியர்த்திருந்தது.

"அக்கா, ரெண்டு அண்டா மாவு. பொங்கி மூடியத் தள்ளிட்டு நிக்கு. வாங்குன ஃபிரிட்ஜு இன்னும் வந்து சேரல. இந்த ஊரு வெயில்ல மத்தியானம் தாண்டினா புளிச்சிரும். மொத நாளே மாவக் கீழ கொட்டினா அந்தக் கட வெளங்குமா?"

"பின்பக்க ஜன்னல் வழியா வியாபாரம் பண்ணலாமே?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. "மொத வியாபாரத்தப் பொறவாசல்லயா பண்ணச் சொல்லுதிய?" என்றார். "நீங்க பேப்பர்லதான இருக்கிய. பூசணிக்காய்னு ஒரு வரி போடச் சொல்லுங்க. ஒரே ஒரு வரி."

போடச் சொல்கிறேன் என்றேன். அது எளிய காரியம் என்று நானும் நினைத்தேன்.

எங்கள் செய்தி ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வங்காளி. என்னை அக்கா என்ற பொருளில் தீதி என்பார். நல்ல மனிதர். வருத்தமான செய்தியைக்கூட உற்சாகமாகக் கேட்பவர்.

"தீதி! உங்க சந்துலயா? அருமை!"

"அது பூசணிக்காய்."

"இருக்கட்டும். ஜனங்க பயந்தாங்களா?"

"இல்லை."

"டி.வி.யில அவ்வளவு காட்டியும் பயப்படலையா?"

"காய்னு தெரிஞ்சுபோச்சு."

"உங்க சந்துக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊருக்குத் தெரியாதே! ஒரு சேனல் பொறுப்பே இல்லாம ஒரு நகரத்தையே நடுங்க வச்சிருக்கு. இதை நாம விட்டா யார் எழுதுவாங்க?"

"நகரம் நடுங்கலை. இட்லி மாவுதான் புளிக்கப்போகுது."

"பூசணிக்காயைப் போடுவோம் தீதி. கண்டிப்பாப் போடுவோம். கடைசியில போடுவோம்."

ஏன் இப்படி என்று வெளியாட்கள் என்னைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். டி.வி. கிளப்பிய புரளியை, வாட்ஸ்அப் கிளப்பிய புரளியை, அது புரளி என்று தெரிந்த பிறகும் ஏன் பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள் என்று. நான் பார்த்த அளவில் காரணம் சாதாரணமானது. 'ரத்தம்' என்று எழுத நாங்கள் கூச்சப்படுவோம். 'ரத்தம் என்று அவர்கள் சொன்னார்கள்' என்று எழுதக் கூச்சமே கிடையாது. ரத்தம் என்ற சொல் இரண்டிலும் ஒரே அளவு எழுத்தில்தான் அச்சாகிறது. இன்னொன்று, நாங்கள் மறுநாள் காலையில்தான் வீடு வந்து சேர்கிறோம். அதற்குள் பயம் பழசாகிவிடும். பழசைப் புதுசாக்க வேண்டுமானால் பெரிசாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மனக்குறை. இந்த நகரத்தைப் பயமுறுத்தும் வேலை ஒரு காலத்தில் எங்களுடையது. அதை யார் யாரோ கைப்பேசியில் வைத்துக்கொண்டு செய்வதைப் பார்த்தால், கடைத் தெருவில் தன் பழைய சைக்கிளை வேறொருவன் ஓட்டிப்போவதைப் பார்ப்பதுபோல் எங்கள் ஆட்களுக்கு வயிறு எரிகிறது.

பதினொரு மணிக்கு எங்கள் நிருபர் வந்தார். தெரிந்தவர்தான். என்னிடமே, "எங்கே பயந்தவங்க?" என்று கேட்டார். நான் சந்தைக் காட்டினேன். இஸ்திரி போடுபவரிடம் போனார்.

"எனக்கென்ன பயம்? ஜாதவ்பூர்லதான் ரொம்பப் பயந்துட்டாங்களாம்" என்றார் அவர்.

நிருபர் அடுத்த ரயில் ஸ்டேஷனான ஜாதவ்பூரில் இருக்கும் தன் மைத்துனரைக் கூப்பிட்டார். "இங்கே யாரும் பயப்படல. டாக்குரியாக்காரங்கதான் பாவம், கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்காங்களாமே" என்றார் மைத்துனர். பால்காரர், அதையும் தாண்டி கரியாவில் பீதி என்று கேள்விப்பட்டிருந்தார். கரியாவிலிருந்து வந்திருந்த ஒருவர், பீதியைப் பார்க்கத்தான் ரயிலேறி வந்ததாகச் சொன்னார். எல்லோருக்கும் பீதி ஒரு ஸ்டேஷன் தள்ளியே இருந்தது.

கடைசியில் நிருபர் மாஷிமாவிடம் வந்தார்.

"ராத்திரி தூங்கினீங்களா மாஷிமா?"

"எங்கே தூங்க? கண்ணை மூடவே முடியல. அப்படி ஒரு சத்தம். நெஞ்செல்லாம் அதிர்ந்தது."

அவர் சொன்னது கிரைண்டரை. அது ஓடியது பூசணிக்காய் உடைவதற்கு முந்தைய இரவு. நிருபர் அவ்வளவையும் எழுதிக்கொண்டு, கிரைண்டரை மட்டும் விட்டுவிட்டார்.

இதற்கிடையில் காகங்கள் வேலையில் இறங்கியிருந்தன. கயிறு மனிதர்களுக்குத்தானே. பற்களை முதலில் தின்றன, பிறகு சதையை. மதியம் ஆனபோது கான்ஸ்டபிள் காவல் காத்தது காய்ந்துபோன ஒரு குங்குமக் கறையை. கேமராக்காரர்கள் அப்போதும் நகரவில்லை. ஒருவர் போனால் மற்றவருக்கு ஏதாவது கிடைத்துவிடும் என்று ஒருவரையொருவர் காவல் காத்தார்கள்.

நான் அலுவலகம் போனதும் பூசணிக்காய் பற்றி இரண்டு வாக்கியம் நானே எழுதித் தலைமைத் துணை ஆசிரியரிடம் கொடுத்தேன். செய்தியின் முதல் பத்தியில் வைக்கச் சொன்னேன்.

"முதல் பத்தியில காய்னு சொல்லிட்டா, ரெண்டாம் பத்தியை எவன் படிப்பான்?" என்றார். என் இரண்டு வாக்கியமும் செய்தியின் வாலில் போய் உட்கார்ந்தன.

நாளிதழில் வால் என்பது ஆபத்தான இடம். முக்கியமானது மேலே, முக்கியமில்லாதது கீழே என்பது எங்கள் தொழிலின் பால பாடம். இடம் போதாவிட்டால் யோசிக்காமல் கீழிருந்து வெட்டலாம் என்பதற்காகவே அப்படி ஓர் ஏற்பாடு. நான் வீட்டுக்குப் போன பிறகு ஒரு கொசுவத்தி விளம்பரம் வந்திருக்கிறது. கொஞ்சம்தான் இடம் கேட்டது. கீழிருந்து வெட்டினார்கள்.

மறுநாள் காலை நாளிதழைப் பிரித்தேன். 'சின்னத்திரை சிந்திய ரத்தம்: உறைந்தது தெற்கு கொல்கத்தா' என்று ஆறு பத்தி அகலத்துக்குத் தலைப்பு. 'கண்ணை மூடவே முடியவில்லை, நெஞ்சு அதிர்கிறது' என்று ஒரு மூதாட்டி கண்ணீர் மல்கச் சொல்லியிருந்தார். படத்தின் கீழே 'அச்சத்தில் கூடிய மக்கள்' என்று இருந்தது. படத்தில் தரையைக் குனிந்து பார்த்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவர் கான்ஸ்டபிள். ஒருவர் தெருவைத் தாண்டக் காத்திருந்த மீன்காரர். மிச்சம் எல்லோரும் கேமராக்காரர்கள். தொலைக்காட்சிகளின் பொறுப்பின்மை பற்றித் தனிப் பெட்டியில் ஒரு கண்டனம். பூசணிக்காய் எங்குமே இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொசு மல்லாந்து கிடந்தது.

மாஷிமா நாளிதழோடு மேலே வந்தார். "நான் எப்போ அழுதேன்?" என்று கேட்டார். பிறகு, "மூதாட்டியாம்! உங்க ஆபீசுல கண்ணாடியே போட மாட்டாங்களா?" என்றார். கண்ணீரைவிட அதுதான் அவரை உறுத்தியது.

பெரிய பாபு நாளிதழை நம்புபவர் என்று கான்ஸ்டபிள் சொன்னது உண்மைதான். எட்டு மணிக்கு இரண்டாவது கான்ஸ்டபிளையும் இரண்டாவது கயிற்றையும் அனுப்பிவைத்தார். அதையும் ஷட்டர் கைப்பிடியில்தான் கட்டினார்கள்.

அன்று வந்த கூட்டம் வேறு. தொலைக்காட்சி சொன்னால் நம்பாத, அச்சில் வந்தால் மட்டுமே நம்புகிற ஓய்வுபெற்றவர்கள். குடையும் கையுமாக வந்து, மடித்த நாளிதழைப் படத்தோடு தரைக்கு நேரே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அலிப்பூர் கோர்ட்டுக்குப் போகிற வழியில் கறுப்புக் கோட்டோடு ஒருவர் இறங்கி வந்து, "பீதி எங்கே?" என்று கேட்டார்.

"நேத்து இருந்தது" என்றார் முதல் கான்ஸ்டபிள்.

கீழ்வீட்டுத் தொலைக்காட்சியில் எங்கள் நாளிதழின் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தலைப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'மக்கள் பீதி: நாளிதழும் உறுதி செய்தது.'

நான் கடையின் பின்பக்கம் போனேன். எப்படி முகத்தில் விழிப்பது என்று தெரியவில்லை. கடைக்காரர் அண்டாக்களுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மாவு முந்தின நாளே பொங்கி, அடங்கி, இப்போது மணந்துகொண்டிருந்தது. புளித்த வாடை சந்தின் பின்பக்கம் வரை வந்தது.

"ஒரு வரிதான அக்கா கேட்டேன்" என்றார்.

"எழுதினேன். வெட்டிட்டாங்க."

"என்னத்துக்கு?"

"கொசுவத்திக்கு."

கடைக்காரரின் மனைவி அடுப்படியில் நின்றிருந்தார். முந்தின நாளிலிருந்து அவர் பேசி நான் கேட்கவில்லை. இப்போது பேசினார்.

"இட்லிக்குத்தான ஆவாது. வெங்காயத்தப் போட்டு ஊத்தப்பமா ஊத்திருவோம். கல்லு உள்ளதான கெடக்கு. ஜன்னல் வழியாக் குடுக்கலாம்."

"மொத வியாபாரத்தப் பொறவாசல்ல பண்ண முடியாதுன்னு சொன்னேம்லா?"

"எது பொறவாசல்? முன்வாசல் மேக்க பாத்துக் கெடக்கு. இந்த ஜன்னல்தான் கெழக்க பாத்திருக்கு. சாமி கெழக்கத்தான பாக்கச் சொல்லுதாரு? போயி வெங்காயத்த உரிங்க."

கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். வெயில் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் வெங்காயம் உரித்தார்.

முதல் தோசை எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். ஆனால் ஜன்னலில் நான் கை நீட்டுமுன் வாடையைப் பிடித்துக்கொண்டு மாஷிமா வந்துவிட்டார். வாங்கிக் கிள்ளி வாயில் போட்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"புளிப்பா இருக்கு" என்றார்.

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு கொடு. இரு, வர்றேன்." வீட்டுக்குப் போய்க் காசுந்தி புட்டியோடு வந்தார். கடுகு அரைத்த அந்தச் சாற்றை வங்காளிகள் வறுத்த மீனுக்குத் தொட்டுக்கொள்வார்கள். அதை ஊத்தப்பத்தின் மேல் தாராளமாக ஊற்றினார்.

"அய்யய்யோ, சட்னி இருக்கு மாஷிமா!" என்று கடைக்காரர் தமிழிலேயே கத்தினார்.

"நீ சும்மா இரு. காயைப் போட்டு உடைச்சவன்தானே நீ?" என்றார் மாஷிமா.

அவர் ஊத்தப்பத்தோடு முன்பக்கம் நடந்து போனது யதேச்சையாகவா, திட்டமிட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலையிலிருந்து வெறும் கறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்றவர்களுக்குப் பசித்திருந்தது. ஒருவர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இரண்டாவது கான்ஸ்டபிள் வழி காட்டப் போனார், திரும்பவில்லை. முதல் கான்ஸ்டபிள் அவரைத் தேடிப் போனார். கேமராக்காரர்கள் கான்ஸ்டபிள் எங்கே போகிறார் என்று பார்க்கப் பின்னாலேயே போனார்கள். கறுப்புக் கோட்டு, டை நுனியைத் தோளுக்குமேல் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். காசுந்தி தீர்ந்து, மாஷிமா இரண்டாவது புட்டி கொண்டுவந்தார்.

நண்பகலில் பெரிய பாபு ஜீப்பில் வந்து இறங்கியபோது, முனையில் விளக்குக் கம்பமும் வேப்ப மரமும் இரண்டு கயிறுகளும்தான் இருந்தன. ஓர் ஆள் இல்லை. அவர் நாலு பக்கமும் பார்த்தார். கூட்டம் கலைந்துவிட்டது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்க்க ஆள் இல்லாததால் ஜீப் ஓட்டுநர் அவிழ்த்தார்.

பின்பக்கம் இரண்டு அண்டாவும் காலியானபோது மூன்றரை மணி. கடைக்காரர் அண்டாவின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் வந்து ஷட்டரைத் தூக்கினார். விற்க ஒன்றுமில்லை. தூக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

அதற்கடுத்த நாள் எங்கள் நாளிதழில் 'பீதி தணிந்தது: நமது செய்தியின் எதிரொலி' என்று வந்தது. பூசணிக்காய் அதிலும் இல்லை. செய்தி ஆசிரியரிடம் கேட்டேன்.

"எல்லாம் அமைதியான பிறகு காய்கறிக்கு என்ன வேலை தீதி?" என்றார்.

கயிறுகளை எடுத்துப்போக யாரும் வரவில்லை. ஒன்றை வேப்ப மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே கட்டியிருக்கிறார்கள். கடையின் இட்லித் துணிகள் அதில் காய்கின்றன.